பிவட் டேபிளில் நிறத்தை ஃபார்முலாவிடம் ஒப்படைப்பது: 43பி(எச்) பாக்கிப் பட்டியலை முன்வைத்து

எக்செலில் சாதாரண அட்டவணையின் ஒரு செல்லுக்கு நிபந்தனையின்பேரில் நிறம் கொடுப்பதும், மூலத் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் கொடுப்பதும் பார்வைக்கு ஒரே வேலையாகத் தெரிந்தாலும், உள்ளே நடப்பது வேறு. சாதாரண அட்டவணையில் ஈ6 என்ற செல்லில் இன்று இருக்கும் தொகை, யாரும் தொடாதவரை நாளையும் அங்கேயே இருக்கும். பிவட் டேபிளிலோ, மூலத் தரவை மீண்டும் படிக்கும் ரெஃப்ரெஷ் கொடுத்த மறுகணமே அதே ஈ6-இல் வேறொரு சப்ளையரின் பில் வந்து அமரலாம். ஒரு துணைக் கூட்டுத்தொகை வரலாம். எதுவுமே இல்லாமலும் போகலாம். ஆகவே, செல்லின் முகவரியை நம்பி எழுதப்படும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் ரூல் (நிபந்தனையின்பேரில் நிறம் தரும் விதி), எழுதிய அன்று சரியாகவும் அடுத்த மாதம் தவறாகவும் இருக்கும். தவறு என்பது வெளியே தெரியவும் தெரியாது. சிவப்பு எங்கேயோ ஓரிடத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதைக் கணக்குத் துறையில் இருப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு வேலையைக் கொண்டே விளக்க விரும்புகிறேன். 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ‘எச்’ என்ற உட்பிரிவைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 15-ஆம் பிரிவில் சொல்லும் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், அந்தச் செலவு உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமானத்திலிருந்து கழிவாக ஏற்கப்படும் என்பதே அதன் சாரம். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள். ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாட்கள், ஆனால் எப்படியும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. நாள் எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கோ சேவையோ ஏற்கப்பட்ட நாளிலிருந்து. நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த உட்பிரிவு பொருந்தாது. 43பி-இன் மற்ற இனங்களில் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் பணம் கட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். ‘எச்’ உட்பிரிவுக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் மார்ச் மாதம் வந்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் யாராவது ஒருவர் தாங்கள் பணம் தர வேண்டிய சப்ளையர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு சிவப்பு அடித்துக்கொண்டிருக்கிறார்.

கையால் சிவப்பு அடிப்பதை விட்டுவிட்டு அதை எக்செல் பார்த்துக்கொள்ளும்படி செய்வதுதான் நம் வேலை. இங்கே ஃபார்முலாக்களைப் படிப்பதற்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எக்செலில் செயற்கூறுகளின் பெயர்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

முதலில் பலரும் எழுதும் வடிவத்தைப் பார்ப்போம். பிவட் டேபிளில் ஏ நெடுவரிசையில் நிறுவன வகை, பி-யில் சப்ளையர், சி-யில் பில் எண், அதற்கடுத்து ஏற்பு தேதி, பாக்கித் தொகை என்று வைத்துக்கொண்டு, வகை ‘குறு’ அல்லது ‘சிறு’ என்றால், ஒப்பந்தம் இருந்தால் 45, இல்லையென்றால் 15, இன்றைய தேதிக்கும் ஏற்பு தேதிக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிதா என்று ஒரே நீளமான ஃபார்முலாவை ரூலுக்குள் திணிப்பார்கள். இதில் மூன்று கோளாறுகள் உள்ளன. ஒப்பந்தத்தில் 30 நாள் என்று இருந்தால் கெடு 30 நாள்தான், 45 அல்ல. அந்த ஃபார்முலாவுக்கு அது தெரியாது. இரண்டாவது, ஒவ்வொரு புலமும் (அதாவது மூலத் தரவின் நெடுவரிசையும்) தனி நெடுவரிசையில் நிற்கும் டேபுலர் வடிவத்தில் ஒரு வகையின் பெயர் அதன் முதல் வரிசையில் மட்டும்தான் காட்டப்படும்; கீழே உள்ள வரிசைகளில் ஏ நெடுவரிசை வெற்றாக இருக்கும், எனவே ‘குறு’ என்ற ஒப்பீடு முதல் பில்லுக்கு மட்டும் பொருந்தி மற்ற பில்களைக் கைவிட்டுவிடும். 2010 பதிப்பிலிருந்து எல்லா வரிசையிலும் பெயரைத் திரும்பக் காட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அழகுக்காக யாரோ அதை அணைத்துவிட்டால் நிறமும் சேர்ந்து அணைந்துவிடும். காம்பேக்ட் வடிவத்தில் நிலைமை இன்னும் மோசம்: வகை, சப்ளையர், பில் மூன்றும் ஒரே நெடுவரிசையில் உள்தள்ளி நிற்கும், ஃபார்முலாவால் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

மூன்றாவது கோளாறு வேகம். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் உள்ள ஃபார்முலா, செல்லில் உள்ள ஃபார்முலாவைப் போலத் தேவைப்படும்போது ஒருமுறை கணக்கிடப்பட்டு நின்றுவிடுவதில்லை. திரையில் அந்தப் பகுதி மீண்டும் வரையப்படும் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படுகிறது. அதற்குள், வேறு அட்டவணையில் மதிப்பைத் தேடி எடுக்கும் விலுக்அப் போன்ற செயற்கூறுகளை வைத்தால், மேலும் கீழும் நகர்த்தும்போதே ஷீட் திணறும். எனவே என் கட்சி இதுதான்: சட்டத்தின் கணக்கெல்லாம் மூலத் தரவில் நடக்கட்டும், நிறம் தரும் ஃபார்முலா ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கட்டும்.

மூலத் தரவில் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. சி-யில் நிறுவன வகை, ஈ-யில் ஏற்பு தேதி, எஃப்-இல் ஒப்பந்த நாட்கள் (ஒப்பந்தம் இல்லையென்றால் வெற்று) என்று வைத்துக்கொள்வோம். ‘கெடு தேதி’ என்று புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் இப்படி எழுதலாம்:

=இஃப்(ஆர்($சி2="குறு",$சி2="சிறு"),$ஈ2+இஃப்($எஃப்2=0,15,மின்($எஃப்2,45)),"")

ஒப்பந்த நாட்கள் வெற்றாக இருந்தால் எக்செல் அதை 0 என்றே எடுத்துக்கொள்வதால் 15 நாள் கிடைக்கும். 60 நாள் என்று ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45-க்கு மேல் போகாது. 30 என்றால் 30-ஆகவே நிற்கும். நடுத்தர நிறுவனங்களுக்கும் மற்றவர்களுக்கும் கெடு தேதி வெற்று. டாலி மென்பொருளிலிருந்து பில்வாரிப் பாக்கியை எடுத்தால் அதிலும் ஒரு கெடு தேதி வரும். ஆனால் அது பில் தேதியோடு லெட்ஜரில் கொடுத்த கடன் நாட்களைக் கூட்டியது. சட்டம் எண்ணுவது ஏற்பு நாளிலிருந்து என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சரக்கு வந்துசேர்ந்த தேதியைக் கொள்முதல் பதிவிலிருந்து கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அப்படிக் கொண்டுவரும்போது தேதிகள் எழுத்தாக வந்திருக்கின்றனவா, உண்மையான தேதியாக வந்திருக்கின்றனவா என்றும், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பிவட் டேபிள். வரிசைப் பகுதியில் நிறுவன வகை, சப்ளையர், பில் எண் மூன்றையும் வைத்து டேபுலர் வடிவத்துக்கு மாற்றுங்கள். மதிப்புப் பகுதியில் கெடு தேதியையும் பாக்கித் தொகையையும் வையுங்கள். கெடு தேதி நெடுவரிசையில் சில இடங்களில் எழுத்து (அதாவது வெற்றுச் சரம்) இருப்பதால், எக்செல் அதைத் தானாக எண்ணிக்கையாகத்தான் காட்டும். அதை மதிப்புப் புலத்தின் அமைப்பில் ‘மின்’ (மிகச் சிறிய மதிப்பு) என்று மாற்றி, தேதி வடிவத்தையும் அங்கேயே கொடுக்க வேண்டும். தேதியை ஏன் வரிசைப் பகுதியில் வைக்காமல் மதிப்புப் பகுதியில் வைக்கச் சொல்கிறேன் என்றால், வரிசைப் பகுதியில் வைத்த தேதிகளை 2016 பதிப்பு முதல் எக்செல் தானாகவே மாதம், காலாண்டு என்று தொகுக்கத் தொடங்கிவிடுகிறது. தொகுத்த பிறகு அங்கே நிற்பது ‘ஜன’, ‘பிப்’ என்ற எழுத்துதானே தவிரத் தேதி அல்ல, அதை எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாது. மதிப்புப் பகுதியில் உள்ள தேதி எப்போதும் எண்ணாகவே இருக்கும்.

இப்போது கெடு தேதி டி நெடுவரிசையிலும் பாக்கி ஈ நெடுவரிசையிலும் நிற்கின்றன என்றும், முதல் பில் 6-ஆம் வரிசையில் இருக்கிறது என்றும் கொள்வோம். எந்தத் தேதியை வைத்துக் கெடு தாண்டியதா என்று பார்ப்பது? இன்றைய தேதியைத் தரும் டுடே செயற்கூறைப் போடலாம். ஆனால் ஜூன் மாதத்தில் உட்கார்ந்துகொண்டு மார்ச் 31-இன் நிலையைத் தணிக்கையாளருக்குக் காட்ட வேண்டியிருக்கும்போது டுடே உதவாது. தனியே ஒரு ஷீட்டில் ஒரு செல்லில் கணக்குத் தேதியைத் தட்டி, அந்தச் செல்லுக்கு ஆஸ்ஆன் என்று பெயர் சூட்டிவிடுங்கள். பிவட் டேபிளுக்கு மேலேயே பி1-இல் வைத்தால் கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் பின்னர் யாராவது ஃபில்டர் பகுதியில் இரண்டு புலங்களைச் சேர்த்தால் பிவட் டேபிள் அந்த இடத்தைக் கேட்கும். வேறு ஷீட்டில் உள்ள செல்லை கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் நேரடியாகக் குறிப்பிடும் வசதி 2010 பதிப்பில்தான் வந்தது. பெயர் சூட்டிய செல் அதற்கு முன்பும் வேலை செய்தது, இப்போதும் படிக்க எளிதாக இருக்கிறது. பெயர் வைக்கும்போது மூன்று எழுத்தும் சில எண்களும் சேர்ந்தாற்போல் வைக்கக் கூடாது: ‘டேக்ஸ்’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளோடு 2024 சேர்த்தால், அது ஏற்கெனவே ஷீட்டில் இருக்கும் ஒரு செல்லின் முகவரி என்பதால் எக்செல் ஏற்காது.

ஆக, ரூலுக்கான ஃபார்முலா இவ்வளவுதான்:

=ஆண்ட்(இஸ்நம்பர்($ஈ6),$ஈ6>0,$டி6>0,$டி6<ஆஸ்ஆன்)

கடைசி நிபந்தனைதான் கேள்வி. முன்னால் உள்ள மூன்றும் காவல்கள். ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிவட் டேபிளில் நிறம் தப்பிப்போவதற்கான காரணங்களில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

கெடு தேதி இல்லாத பில்களுக்கு மூலத் தரவில் வெற்றுச் சரம் இருக்கிறது. எண்ணே இல்லாத இடத்தில் ‘மின்’ கேட்டால் பிவட் டேபிள் 0 தரும். தேதி வடிவத்தில் அது 00-01-1900 என்று விகாரமாகத் தெரிவதோடு, 0 என்பது எந்தக் கணக்குத் தேதியையும்விடச் சிறியது என்பதால், சட்டம் தொடாத நடுத்தர நிறுவனங்கள் அனைத்தும் சிவப்பாகிவிடும். $டி6>0 என்பது அதைத் தடுக்கிறது. அந்த விகாரத் தேதியை மறைக்க, எண் வடிவத்தில் தேதிக்குப் பின்னால் இரண்டு அரைப்புள்ளிகளைப் போட்டால் போதும், பூஜ்யம் காட்டப்படாது. $ஈ6>0 என்பது முன்பணம் கொடுத்து எதிர்மறைப் பாக்கியாக நிற்கும் இடங்களையும் முழுதும் தீர்ந்த பில்களையும் விலக்குகிறது. இஸ்நம்பர் எதற்கு என்றால், பிவட் டேபிளின் அமைப்பில் வெற்றுச் செல்களுக்குப் பதிலாக ஒரு சிறு கோடு காட்டும்படி பலரும் வைத்திருப்பார்கள். அந்தக் கோடு எழுத்து. எக்செலின் ஒப்பீட்டில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே கோடு 0-ஐவிடப் பெரியதா என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். ஒரு கோடியைவிடப் பெரியதா என்று கேட்டாலும் ஆம்தான்.

நெடுவரிசை எழுத்துக்கு முன்னால் டாலர் குறி இருக்கிறது, வரிசை எண்ணுக்கு முன்னால் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரூல் எந்த நெடுவரிசையில் பரவினாலும் டி-யையும் ஈ-யையும்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரிசையும் தன் சொந்த எண்களைப் பார்க்க வேண்டும். ரூல் எழுதும் பெட்டியில் மவுஸால் ஒரு செல்லைக் கிளிக் செய்தால் எக்செல் இரண்டுக்கும் டாலர் போட்டுத்தான் தரும். எஃப்4 விசையை அழுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். அதே பெட்டியில் எழுத்தைத் திருத்த இடது, வலது அம்பு விசையைத் தட்டினால், கர்சர் நகராமல் ஏதோ ஒரு செல்லின் முகவரி நடுவில் வந்து நுழையும். எஃப்2-ஐ ஒருமுறை தட்டிவிட்டுத் திருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. இத்தனை ஆண்டுகளாக இதைத் திருத்தாமல் வைத்திருக்கிறார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

இனிதான் முக்கியமான இடம். பாக்கி நெடுவரிசையில், ஒரு பில்லுக்குரிய ஒரே ஒரு செல்லை, அதாவது ஈ6-ஐ மட்டும் தேர்ந்துகொண்டு புதிய ரூல் என்று போனால், சாதாரண அட்டவணையில் வராத ஒரு பகுதி பெட்டியின் மேலே வரும். 2007 பதிப்பில் பிவட் டேபிளுக்கென்றே சேர்க்கப்பட்டது அது. ரூல் எதற்குப் பொருந்த வேண்டும் என்று அங்கே மூன்று தேர்வுகள் இருக்கின்றன: தேர்ந்தெடுத்த செல்களுக்கு மட்டும், பாக்கி மதிப்பைக் காட்டும் எல்லாச் செல்களுக்கும், பில் எண் என்ற புலத்துக்குரிய பாக்கி மதிப்பைக் காட்டும் எல்லாச் செல்களுக்கும். முதல் தேர்வு வெறும் முகவரி, தொடக்கத்தில் சொன்ன எல்லாச் சிக்கலும் அதற்கு உண்டு. இரண்டாவது தேர்வு துணைக் கூட்டுத்தொகை, மொத்தக் கூட்டுத்தொகை வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும். மொத்த வரிசையில் டி-யில் நிற்பது எல்லாப் பில்களிலும் மிகப் பழைய கெடு தேதி என்பதால், எங்காவது ஒரு பில் கெடு தாண்டியிருந்தால் மொத்தத் தொகையே சிவப்பாகிவிடும். நமக்கு வேண்டியது மூன்றாவது. அதைத் தேர்ந்தால் ரூல் ஒரு முகவரியோடு அல்லாமல், ‘பில் எண் மட்டத்தில் உள்ள பாக்கி’ என்ற பொருளோடு கட்டப்பட்டுவிடுகிறது. பில்கள் நூறானாலும் ஆயிரமானாலும், ஸ்லைசரில் (பொத்தான்களால் வடிகட்டும் பெட்டியில்) ஒரு கிளையை மட்டும் தேர்ந்தாலும், வரிசையமைப்பை மாற்றினாலும் நிறம் அந்தப் பொருளைத் தேடிப் போய் நிற்கும்.

ஃபார்முலாவை அப்போது தேர்ந்திருக்கும் செல்லின் வரிசைக்கு எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கர்சர் 9-ஆம் வரிசையில் இருக்கும்போது $ஈ6 என்று எழுதினால், ஒவ்வொரு பில்லும் தனக்கு மூன்று வரிசை மேலே உள்ள பில்லின் தலையெழுத்தைப் பார்த்து நிறம் மாறும். எல்லா நிறமும் ஒரே அளவு தள்ளி நிற்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புலத்தோடு கட்டிய ரூலுக்கும் எல்லை உண்டு. அது மதிப்புப் பகுதிக்கு மட்டும்தான். சப்ளையர் பெயர், பில் எண் ஆகியவற்றுக்கும் சேர்த்து வரிசை முழுவதையும் நிறமாக்க வேண்டுமென்றால், ஏ-யிலிருந்து ஈ வரை சற்றுத் தாராளமான வரம்புக்கு, சாதாரண ரூலாகத்தான் எழுத முடியும். அதையும் செய்யலாம், ஃபார்முலாவும் மாறாது. ஆனால் புலங்களை இழுத்து இடம் மாற்றும்போது அந்த வரம்பு துண்டு துண்டாகப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர் சிவப்பாக வேண்டும் என்று மேலதிகாரி வற்புறுத்தாதவரை தொகையை மட்டும் நிறமாக்குவதோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மதிப்புப் பகுதியிலிருந்து பாக்கிப் புலத்தை நீக்கிவிட்டால் அதோடு கட்டிய ரூலும் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்னொரு பலவீனமும் இருக்கிறது: ரூல் புலத்தோடு கட்டப்பட்டாலும், ஃபார்முலாவுக்குள் இருக்கும் டி, ஈ என்பவை நெடுவரிசை முகவரிகளே. இடையில் புதிதாக ஒரு மதிப்புப் புலத்தைச் சேர்த்தால் அவை தவறான நெடுவரிசையைப் பார்க்கும். அதனால் கெடு தேதியையும் பாக்கியையும் எப்போதும் மதிப்புப் பகுதியின் முதல் இரண்டு இடங்களில் வைத்து, புதிதாக வருவதை அவற்றுக்கு வலப்பக்கம் வைக்கிறேன்.

அடுத்து, சப்ளையர் மட்டத்தில் சுருக்கிப் பார்க்கும் நிலை. பில் விவரங்களை மடக்கிவிட்டால் சப்ளையர் ஒருவருக்கு ஒரு வரிசை மட்டும் தெரியும். அது பில் எண் மட்டம் அல்ல என்பதால் நாம் எழுதிய ரூல் அங்கே பொருந்தாது, எதுவும் சிவப்பாகாது. இதைக் குறையாக நினைத்துச் சப்ளையர் மட்டத்துக்கும் அதே ரூலை எழுதுபவர்கள் உண்டு. அங்கே டி-யில் இருப்பது அவருடைய பில்களிலேயே பழைய கெடு தேதி; ஈ-யில் இருப்பது அவருக்குத் தர வேண்டிய முழுப் பாக்கி. பத்து லட்சம் பாக்கியில் இருபதாயிரம் ரூபாய்ப் பில் ஒன்று மட்டும் கெடு தாண்டியிருந்தாலும் பத்து லட்சமும் சிவப்பாகத் தெரியும். மேசையின் மறுபக்கம் இருப்பவர் அதைப் பார்த்துப் பத்து லட்சத்துக்கும் கழிவு போய்விட்டது என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சப்ளையர் மட்டத்தில் நிறம் வேண்டுமென்றால், தொகைக்கு வேண்டாம், கெடு தேதிக்குக் கொடுங்கள்: டி நெடுவரிசையில் சப்ளையர் மட்டச் செல் ஒன்றைத் தேர்ந்து, சப்ளையர் புலத்துக்குரிய கெடு தேதிச் செல்கள் என்ற மூன்றாவது தேர்வோடு, இளம் நிறத்தில் ஒரு ரூல். இவரிடம் ஏதோ ஒரு பில் கெடு தாண்டியிருக்கிறது, விரித்துப் பார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கெடு தாண்டிய தொகையே மொத்தமாக வேண்டுமென்றால், மூலத் தரவில் கெடு தேதி இருந்து அது ஆஸ்ஆன் தேதிக்கு முந்தியதென்றால் பாக்கி, இல்லையென்றால் 0 என்று ஒரு நெடுவரிசை சேர்த்து அதைக் கூட்ட வேண்டும். அதற்கு நிறமே தேவையில்லை.

ஆனால் அந்த நெடுவரிசைக்கும் நம் ரூலுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆஸ்ஆன் தேதியை மாற்றியதும் ரூல் உடனே புதிய தேதியை வைத்து நிறத்தை மாற்றிவிடும். மூலத் தரவில் உள்ள நெடுவரிசையும் உடனே மாறும். ஆனால் பிவட் டேபிள் காட்டுவது ரெஃப்ரெஷ் செய்தபோது எடுத்துவைத்த நகலை. ரெஃப்ரெஷ் கொடுக்கும்வரை நிறம் ஒரு தேதியையும் தொகை வேறொரு தேதியையும் சொல்லிக்கொண்டிருக்கும். மூலத் தரவில் கழிந்த நாட்களைக் கணக்கிட்டுக் கொண்டுவராமல் கெடு தேதியையே பிவட் டேபிளுக்குக் கொண்டுவந்ததன் பயன் இதுதான்: கெடு தேதி மாறாதது, அதை எந்த நாளோடும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பாக்கித் தொகை மட்டும் ஆஸ்ஆன் தேதியன்று நின்ற பாக்கியாக இருக்க வேண்டும். ஜூன் மாதப் பாக்கியை வைத்துக்கொண்டு தேதியை மட்டும் மார்ச் 31 என்று மாற்றினால், இடையில் பணம் கொடுத்த பில்கள் பட்டியலிலேயே இருக்காது.

சிவப்பு மட்டும் போதாது என்பது மார்ச் 31-ஐ வைத்துப் பார்க்கும்போது தெரியும். மார்ச் 10 அன்று ஏற்ற சரக்குக்கு 45 நாள் ஒப்பந்தம் இருந்தால் கெடு ஏப்ரல் 24. அந்தப் பில் மார்ச் 31 அன்று பாக்கியாக இருந்தாலும், ஏப்ரல் 24-க்குள் பணம் கொடுத்துவிட்டால் முந்தைய ஆண்டிலேயே கழிவு கிடைக்கும். ஒரு நாள் தவறினாலும் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். பணம் ஒதுக்குபவர் பார்க்க வேண்டியது உண்மையில் இந்தப் பில்களைத்தான். சிவப்பானவற்றைப் பொறுத்தவரை மார்ச் 31 கடந்துவிட்டது. ஆகவே ஆரஞ்சு நிறத்துக்கு ஒரு ரூல்:

=ஆண்ட்(இஸ்நம்பர்($ஈ6),$ஈ6>0,$டி6>=ஆஸ்ஆன்)

வெற்றும் 0-வும் இங்கே தாமாகவே விலகிவிடும். கெடு நெருங்கியவற்றை மட்டும் காட்ட விரும்பினால், $டி6-ஆஸ்ஆன்<=7 என்று இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளலாம். கெடு தேதியும் ஆஸ்ஆன் தேதியும் ஒன்றாக இருக்கும் நாள் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதை நினைத்துத்தான் ஒன்றில் சிறியது என்றும் மற்றதில் பெரியது அல்லது சமம் என்றும் எழுதியிருக்கிறேன்; கெடு நாளன்று கொடுத்தால் அது கெடுவுக்குள்தான். இரண்டு ரூல்களும் ஒருபோதும் ஒரே செல்லில் உண்மையாகாது என்பதால் எது மேலே, எது கீழே, எதற்கு ‘உண்மையென்றால் நிறுத்து’ என்ற குறியைப் போடுவது என்ற கவலையும் இல்லை. முன்னுரிமை வரிசையை நம்பி எழுதப்படும் ரூல்கள், புதிதாகச் சேர்க்கும் ரூல் தானாக மேலே போய் உட்காரும் வழக்கத்தால், ஒருநாள் கலைந்தே தீரும்.

நிறத்துக்குப் பதில் போக்குவரத்து விளக்கு போன்ற ஐகான்களை வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐகான், டேட்டா பார், வண்ணப் படிநிலை ஆகியவற்றின் எல்லை மதிப்புகளுக்கு ஃபார்முலா கொடுக்கலாம். ஆனால் அதில் வரிசைக்கு வரிசை நகரும் முகவரியைப் பயன்படுத்த எக்செல் அனுமதிப்பதில்லை. எல்லாப் பில்லுக்கும் பொதுவான ஒரே தேதியோடு கெடு தேதியை ஒப்பிட்டு டி நெடுவரிசையில் ஐகான் வைக்க முடியும், ஆனால் பாக்கி இருக்கிறதா என்ற காவலை அங்கே சேர்க்க முடியாது. பிவட் டேபிளின் கால்குலேட்டட் ஃபீல்டு (மற்ற புலங்களைக் கொண்டு கணக்கிடும் புலம்) மூலம் சமாளிக்கலாம் என்றால், அதன் ஃபார்முலாவில் செல் முகவரியையோ சூட்டிய பெயரையோ எழுத முடியாது. ஆஸ்ஆன் உள்ளே நுழையவே முடியாது. தவிர அது புலங்களின் கூட்டுத்தொகையை எடுத்துத்தான் கணக்குப் போடும். தேதிகளின் கூட்டுத்தொகையை வைத்து நாம் என்ன செய்ய?

ரூலை எழுதும் முன் அதைச் சோதித்துக்கொள்வது எளிது. பிவட் டேபிளுக்கு வலப்பக்கம் ஒரு நெடுவரிசை இடைவெளி விட்டு, அதே ஃபார்முலாவை 6-ஆம் வரிசையில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால், எந்தப் பில்லுக்கு ட்ரூ, எந்தப் பில்லுக்கு ஃபால்ஸ் என்பது கண்ணெதிரே வந்துவிடும். கூட்டுத்தொகை வரிசைகளில் என்ன வருகிறது, கோடு உள்ள செல்லில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த எழுத்தை அப்படியே எடுத்து ரூல் பெட்டியில் ஒட்டலாம். முகவரிகளைக் கையால் தட்ட வேண்டும். பிவட் டேபிளின் செல்லை மவுஸால் கிளிக் செய்தால் முகவரிக்குப் பதிலாகக் கெட்பிவட்டேட்டா என்ற நீண்ட செயற்கூறு வரும், அதை இழுத்தால் எல்லா வரிசையிலும் ஒரே விடைதான் கிடைக்கும். ரூல் பெட்டிக்குள் ஃபார்முலா பிழை கொடுத்தால் எக்செல் எச்சரிக்காமல் நிறம் தராமல் விட்டுவிடும் என்பதால், வெளியே வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் பிழையைக் காண வழி.

கூகுள் ஷீட்ஸில் இதே ஃபார்முலாவைத் தனிப்பயன் ஃபார்முலா என்ற தேர்வின் கீழ் எழுதலாம். ஆனால் அங்கே ரூலைப் புலத்தோடு கட்டும் வசதி இல்லை, வரம்பு மட்டும்தான். எனவே ஈ6-இலிருந்து மிகக் கீழே வரை வரம்பு கொடுத்து, சி நெடுவரிசையில் பில் எண் வெற்றாக இல்லை என்ற காவலையும் சேர்த்தால்தான் கூட்டுத்தொகை வரிசைகள் விலகும். வேறு ஷீட்டில் உள்ள தேதியை அங்கே இன்டைரக்ட் செயற்கூறு வழியாகத்தான் அழைக்க வேண்டும். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் நிறத்தை நேரடியாகத் தேர்வதற்குப் பதில் ஒரு செல் ஸ்டைலை உருவாக்கி அதை ரூலோடு இணைக்கிறார்கள். பல ஷீட்டுகளில் ஒரே சிவப்பு வேண்டுமென்றால் அது எக்செலைவிட நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

சிவப்பு, ஆரஞ்சு என்று பேசினாலும், தணிக்கைக் கோப்பில் போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சு. சிலருக்குச் சில நிறங்களைப் பிரித்தறிவதும் கடினம். எனவே சிவப்புக்கான ரூலில் நிறத்தோடு எழுத்தைத் தடிமனாக்குவதையும், ஆரஞ்சுக்கு அடிக்கோட்டையும் சேர்த்துவிடுகிறேன். இதே பிவட் டேபிள், குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் எம்எஸ்எம்இ படிவம் 1-க்கும் உதவும். செப்டம்பர் 30 வரையிலான பாக்கியை ஏற்றி, ஆஸ்ஆன் செல்லில் அந்தத் தேதியைத் தட்டி, ரெஃப்ரெஷ் கொடுத்தால், அக்டோபர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டிய பட்டியலுக்கான சப்ளையர்கள் சிவப்பிலேயே அடங்கியிருப்பார்கள். படிவம் கேட்பது 45 நாளை மட்டும் என்பதால், 15 நாள் கெடுவில் சிவப்பானவர்களை அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்; அதற்கு மூலத் தரவில் ஏற்பு தேதியோடு 45-ஐக் கூட்டிய இன்னொரு தேதி நெடுவரிசை போதும், ஃபார்முலாவில் நெடுவரிசை எழுத்தைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.